வாய்விட்டு யோசிக்கப் பழகுங்கள்: கூகுள் நேர்காணலுக்குத் தயாராகும் பாலக்கோட்டு வாசகிக்கு

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் 2021-ல் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து 2025-ல் முடித்திருக்கிறார். நடுவில் இரண்டு அரியர் விழுந்து, பிறகு எழுதித் தேறியிருக்கிறார். இப்போது ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனியில் மாதம் 19,000 ரூபாய்க்கு வேலை. ராயக்கோட்டை வழியாக தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். எப்போதோ விண்ணப்பித்து வைத்திருந்த கூகுளிலிருந்து ஆன்லைன் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எழுதித் தேறிவிட்டார். இன்னும் ஐந்து வாரத்தில் முதல் நேர்காணல்.

"லீட்கோடு என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் நானூறு ப்ராப்ளம் போட்டுவிட்டேன். ஆனால் தோழி எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் மண்டை காலியாகிவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா? என் ஆங்கிலத்தைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ? அரியர் இருந்ததை மறைக்க வேண்டுமா?" என்று கேட்கிறார். கம்பெனியில் இரண்டு வருட பாண்ட் போட்டிருக்கிறார்கள். மீறினால் ஒரு லட்சம். மதிப்பெண் சான்றிதழ்களின் அசல் அவர்களிடம்தான் இருக்கிறது. இதற்கு நடுவில், பெங்களூருவில் ஒரு கன்சல்டன்சிக்காரர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருவதாக அப்பாவிடம் பேசியிருக்கிறார். தக்காளி போடும் அந்த அப்பா, பத்தாயிரம் முன்பணம் ஜிபேயில் அனுப்பிவிட்டு, மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேர்காணலைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் நகை அடகுக் கடைக்குப் போவதற்குள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒன்றரை லட்சம்

இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இன்று ராத்திரியே அப்பாவை உட்கார வைத்துப் பேசுங்கள். பயமுறுத்த வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு யுஏஎன் என்ற பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பது அந்த எண்ணில் பதிவாகியிருக்கும். பெரிய நிறுவனங்கள் ஆஃபர் கொடுக்கும்போது பின்னணிச் சரிபார்ப்பு செய்வார்கள். அதில் இந்தப் பதிவையும் பார்ப்பது வழக்கம். 2025-ல் கல்லூரி முடித்தவர் மூன்று வருட அனுபவம் காட்டினால், பட்டச் சான்றிதழில் உள்ள வருடமே காட்டிக்கொடுத்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். தவிர, போலி ஆவணத்தை அசலாகக் காட்டுவது நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். சான்றிதழை அடித்துக் கொடுத்தவர் கழன்றுகொள்வார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நீங்கள் மாட்டுவீர்கள்.

அப்பாவுக்கு இன்னொன்றும் புரிய வேண்டும். உங்களைத் தேர்வுக்கு அழைத்ததும் நேர்காணலுக்குத் தேதி கொடுத்ததும் எந்தக் கன்சல்டன்சியும் இல்லாமல் நடந்தவை. நீங்கள் போவது புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கான வேலைக்கு. அங்கே மூன்று வருட அனுபவம் காட்டினால் லாபம் எதுவும் இல்லை. இதைவிடக் கடினமான கேள்விகள்தான் வரும்.

அனுப்பிய பத்தாயிரத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே திருப்பிக் கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். தர மறுத்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

நேர்காணலில் காதுக்குள் இயர்போன் வைத்து ஏஐ சொல்வதைத் திருப்பிச் சொல்லலாம் என்று வகுப்புத் தோழர் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வேண்டாம். இந்தத் தந்திரம் பரவியதால்தான் ஒரு சுற்றாவது நேரில் வைக்கப் போகிறோம் என்று 2025-ல் சுந்தர் பிச்சையே சொன்னார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி "இது ஏன்?" என்று ஒரு தடவை கேட்டால், ஒப்பிப்பவர் யார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நானூறு போட்டும் ஏன் வரவில்லை

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதுதான்: "விடை தெரிந்த கேள்வி வந்தால் தப்பித்துவிடுவேன்." நேர்காணல் என்றால் விடை தெரியுமா என்று பார்ப்பது என நினைத்திருக்கிறீர்கள். பல வருடம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். அங்கே பார்ப்பது வேறு.

கூகுளில் நேர்காணல் எடுப்பவர் தனியாக முடிவு எடுப்பதில்லை. ஒரு சுற்று சுமார் 45 நிமிடம். அது முடிந்ததும் நீங்கள் என்ன கேட்டீர்கள், எப்படி யோசித்தீர்கள், எங்கே சிக்கினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்று விவரமாகக் குறிப்பு எழுதுவார். பிறகு உங்களைப் பார்த்தேயிராத ஒரு தேர்வுக் குழு, எல்லாச் சுற்றின் குறிப்புகளையும் படித்து முடிவு செய்யும். ஆகவே நீங்கள் மனதுக்குள் எவ்வளவு அழகாக யோசித்தாலும், வாய் திறந்து சொல்லாதது அந்தக் குறிப்பில் ஏறாது. நீங்கள் நானூறு ப்ராப்ளத்தையும் வாயை மூடிக்கொண்டு போட்டிருக்கிறீர்கள். தோழி முன்னால் மண்டை காலியாவது அறிவுக் குறைவால் அல்ல, யோசிப்பதையும் பேசுவதையும் சேர்த்துச் செய்து பழகாததால்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். தக்காளிப் பெட்டிகளின் எடைகள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. அவற்றில், எடையைக் கூட்டினால் சரியாக 50 கிலோ வரும் இரண்டு பெட்டிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கேள்வியை வேறு வேஷத்தில் நீங்கள் கட்டாயம் போட்டிருப்பீர்கள். பார்த்ததும் "ஹேஷ் மேப்" (பார்த்ததைக் குறித்து வைத்து, கேட்டதும் தேடித் தரும் அட்டவணை) என்று கோடு, அதாவது நிரல், எழுதத் தொடங்குவீர்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

முதலில் கேள்வி கேளுங்கள். ஒரே எடையில் இரண்டு பெட்டி இருக்கலாமா? ஒரே பெட்டியை இரண்டு தடவை எடுக்கலாமா? பொருந்தும் ஜோடி இல்லையென்றால் என்ன திருப்பித் தர வேண்டும்? பட்டியல் வரிசைப்படுத்தியதா? எத்தனை பெட்டி இருக்கும்? இதைக் கேட்டால் விடை தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். வேண்டுமென்றே கேள்வியை அரைகுறையாகக் கொடுத்து, நீங்கள் இவற்றைக் கேட்கிறீர்களா என்று பார்ப்பவர்கள் உண்டு.

அப்புறம் எளிய வழியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். ஒரு லட்சம் பெட்டி என்றால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி. "இது சரியான விடை தரும், ஆனால் ரொம்ப மெதுவாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பட்டியலை ஒரே தடவை நடந்து, ஒவ்வொரு பெட்டியிலும் "50-க்கு இன்னும் எவ்வளவு வேண்டும், அந்த எடையை ஏற்கெனவே பார்த்தேனா" என்று ஹேஷ் மேப்பில் தேடலாம். ஒரு லட்சம் பெட்டிக்கு ஒரு லட்சம் அடி. பதிலுக்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும். பட்டியல் வரிசையாக இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் நடந்து வந்து, அந்த நினைவகத்தையும் மிச்சப்படுத்தலாம். எதை ஏன் எடுக்கிறீர்கள் என்று சொல்லி, "இதை எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் "முடிந்தது" என்று கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். 18, 27, 32, 23 என்று ஒரு சின்னப் பட்டியலை எடுத்து வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள். 18-க்கு 32 வேண்டும், இன்னும் பார்க்கவில்லை. 27-க்கு 23 வேண்டும், பார்க்கவில்லை. 32-க்கு 18 வேண்டும், பார்த்தாயிற்று, இதோ ஜோடி. அடுத்து வம்பான பட்டியல் ஒன்று: 25 கிலோவில் ஒரே ஒரு பெட்டி. எடையை மேப்பில் போட்டுவிட்டுப் பிறகு தேடியிருந்தால், அந்தப் பெட்டி தன்னோடு தானே சேர்ந்து 50 என்று தவறான விடை வரும். முதலில் தேடி, அப்புறம் போட வேண்டும். இந்தப் பிழையை அவர் சொல்லாமல் நீங்களே பிடித்துத் திருத்தினால், குறிப்பில் அது உங்களுக்குச் சாதகமாக ஏறும். பிழையே இல்லாமல் மௌனமாக எழுதியவரைவிட, தன் பிழையைத் தானே பிடித்தவரை நான் விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஆகவே இந்த ஐந்து வாரமும் புதிதாக ஒரு நாளைக்கு எட்டு என்று போடும் திட்டத்தைக் கைவிடுங்கள். நாளுக்கு இரண்டு போதும், அதில் ஒன்று ஏற்கெனவே போட்டதாக இருக்கட்டும். இரண்டையும் சத்தமாகப் பேசிக்கொண்டே போடுங்கள். செல்போனில் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் கேளுங்கள். எங்கே பேச்சு நின்று போகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியாத இடம் இருக்கிறது. போகும்போது பஸ்ஸில் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் படித்துவிட்டு, ராயக்கோட்டை வருவதற்குள் வழியை மனதில் யோசித்து முடிக்கப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழியோடு 45 நிமிடக் கடிகாரம் வைத்து இரண்டு மாதிரி நேர்காணல். ஒன்றில் நீங்கள் கேள்வி கேட்பவராக இருங்கள். அடுத்தவர் பேசாமல் எழுதும்போது பார்ப்பவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

நீங்கள் எழுதும் கோடு வரிகளைக் கம்ப்யூட்டர் தானே பூர்த்தி செய்யாத வெறும் கூகுள் டாக்கில் எழுதிப் பழகுங்கள். நேர்காணலில் ஓட்டிப் பார்க்கும் வசதி இல்லாமல் போகலாம். பைத்தான், ஜாவா, சி ப்ளஸ் ப்ளஸ் எதுவானாலும் சரி, ஒரே மொழியில் நில்லுங்கள். கல்லூரியில் ஜாவா படித்து, வேலையில் பைத்தான் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். தினமும் கை பழகிய பைத்தானே போதும்.

எதைப் படிப்பது என்று பெரிய பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். அதில் சிஸ்டம் டிசைனை (பெரிய மென்பொருள் அமைப்புகளை வடிவமைப்பது) எடுத்துவிடுங்கள். ராத்திரி ராத்திரியாக அந்த வீடியோக்களைப் பார்க்கிறீர்கள்; உங்கள் நிலை வேலைக்குப் பொதுவாக அது கேட்பதில்லை. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், பைனரி சர்ச், ட்ரீ, ஹீப் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வர வேண்டும். டைனமிக் புரோகிராமிங்கில் அடிப்படை தெரிந்தால் போதும். மிச்ச நேரம் அத்தனையையும் கிராஃபுக்கு (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பு) கொடுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் கிராஃபைக் கடைசி யூனிட்டாக அவசரமாக முடித்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். கிராஃபில் தேடிச் செல்லும் வழிகளான பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ் இரண்டையும் கட்டம் போட்ட வரைபடத்திலும் ஊர்-சாலை போன்ற வரைபடத்திலும் எழுதிப் பாருங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி. உங்கள் உச்சரிப்புக்கோ இலக்கணத்துக்கோ மதிப்பெண் இல்லை. நீங்கள் சொல்வது புரிய வேண்டும், அவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் தமிழிலேயே சத்தமாக யோசித்துப் பழகுங்கள், தப்பில்லை. நடுவில் வரும் சொற்கள் எப்படியும் லூப், இண்டெக்ஸ், ரிட்டர்ன் என்று ஆங்கிலம்தான். மூன்றாவது வாரத்திலிருந்து அதையே ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். "லெட் மீ ஸ்டார்ட் வித் எ சிம்பிள் சொல்யூஷன்", "கேன் ஐ டேக் எ மினிட் டு திங்க்?", "ஐ திங்க் தேர் இஸ் எ பக் ஹியர்" போன்ற பத்துப் பதினைந்து வாக்கியம் நாக்கில் ஏறிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கேள்வி புரியவில்லையென்றால் திரும்பச் சொல்லக் கேளுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வேறு எதையோ பதினைந்து நிமிடம் எழுதுவதுதான் ஆபத்து.

அரியரை மறைக்கவும் வேண்டாம், நீங்களாக எடுத்துச் சொல்லவும் வேண்டாம். கேட்டால் "இருந்தது, தேறிவிட்டேன்" என்று ஒரே வரி. கல்லூரிக்கு வரும் கம்பெனிகள் வைக்கும் 60 சதவீத வடிகட்டலைப் பார்த்துப் பார்த்து, எல்லா இடமும் அப்படித்தான் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆன்லைன் தேர்வைத் தாண்டி உள்ளே வந்தாயிற்று.

நீங்கள் சொல்லாமல் விட்ட கதை

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பெரிய விஷயமில்லை என்பதுபோல ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். ஒரு தொழிற்சாலையின் ஸ்டாக் ரிப்போர்ட் வர நாற்பது நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லாததைக் கண்டுபிடித்து, "நாங்கள் சரிசெய்தோம், இரண்டு நிமிடத்தில் வருகிறது" என்று.

கூகுளில் கோடிங் சுற்றுகளோடு, எப்படி வேலை செய்கிறீர்கள், மற்றவர்களோடு எப்படி ஒத்துப்போகிறீர்கள் என்று பார்க்கும் சுற்றும் உண்டு. அமேசானில் இது இன்னும் அதிகம். அங்கே 16 தலைமைக் கொள்கைகளை வைத்தே கேள்வி கேட்பார்கள். இப்படிப்பட்ட சுற்றில் சொல்ல வேண்டியது உங்கள் இந்த ஸ்டாக் ரிப்போர்ட் கதைதான். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைவு என்ற நான்கு படியில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். "நாங்கள்" என்று சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் "நான் செய்தேன்" என்றால் தலைக்கனம் என்று வளர்த்துவிட்டார்கள். நேர்காணலில் "நாங்கள்" என்றால் நீங்கள் செய்தது எது என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும். இண்டெக்ஸ் இல்லை என்று கண்டுபிடித்தது நீங்கள் என்றால் "நான்" என்றே சொல்லுங்கள். சீனியர் சரிபார்த்தார் என்றால் அதையும் சொல்லுங்கள். இதுபோல நான்கைந்து கதை தேடி எடுங்கள்: ஒருவரோடு கருத்து மோதல், சரியாக வராமல் போன ஒரு வேலை, யாரும் சொல்லாமல் நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்று. ஆனால் வாடிக்கையாளரின் பெயர், அவர்களுடைய விவரம் எதையும் வெளியே சொல்ல வேண்டாம்.

19,000 என்று சம்பளத்தைச் சொன்னால் மட்டமாக நினைப்பார்களா என்று கேட்டீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களில் சம்பளம் வேலையின் நிலையைப் பொறுத்தே அமையும். கூட்டிச் சொன்னால், பின்னால் சம்பளச் சீட்டு கேட்கும்போது சிக்கல்.

வேலை, பாண்ட், அசல் சான்றிதழ்

வேலையை இப்போது விடாதீர்கள். முதல் சுற்று முடிந்து அடுத்த சுற்றுகள், தேர்வுக் குழு, எந்த டீம் என்று பொருத்துவது, ஆஃபர் என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கிலும் இழுக்கும். அத்தனை நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்தால், வராமல் போய்விடுமோ என்ற பயமே உங்களைத் தின்றுவிடும். கையில் எழுத்துப்பூர்வமான ஆஃபர் வந்து, பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தப்பான ஒருவரை எடுப்பதைவிட நல்ல ஒருவரை விட்டுவிடுவது பரவாயில்லை என்று நடத்தப்படும் தேர்வு இது. நன்றாகச் செய்தும் வராமல் போகலாம். சில மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். அதுவரை சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும்.

பாண்ட் விஷயத்தில் உங்கள் தோழிகள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். "பாண்ட் செல்லாது, பேசாமல் போய்விடு" என்பதும் தவறு, "ஒரு லட்சம் கட்டாமல் நகர முடியாது" என்பதும் தவறு. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பொதுத்துறை வங்கி ஒன்றின் மூன்று வருட, இரண்டு லட்ச ரூபாய் பாண்ட் அந்தப் பிரிவுக்கு எதிரானதல்ல என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சட்டத்தின் 74-வது பிரிவு, எழுதியிருக்கும் தொகை ஓர் உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம் என்கிறது. உங்களுக்கு உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள், எத்தனை மாதம் வேலை செய்துவிட்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். பாண்ட் நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களை மின்னஞ்சலில் பணிவாகத் திருப்பிக் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம். நேர்காணலுக்கு அசல் தேவைப்படாது, அதனால் பதற வேண்டியதில்லை. தர மறுத்தால் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற 1987-ம் வருடச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பாண்டையும் அவர்களிடமே காட்டி ஒரு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு ஐந்து வாரம் போதாது என்று இரண்டு மாதிரி நேர்காணலுக்குப் பிறகும் தோன்றினால், தேதியைத் தள்ளிக் கேட்கலாம். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அதனால் கெட்ட பெயர் வராது. ஒரு தடவைக்கு மேல் தள்ள வேண்டாம். அன்றைக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். கிராமத்தில் கரண்டும் நெட்டும் நம்ப முடியாது என்றால் ஓசூரில் தோழியின் அறையில் உட்காருங்கள். வேறு கம்பெனி சிம் போட்ட இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

இந்த வாரமே உங்கள் தேர்வைக் கவனிக்கும் கூகுள் ரெக்ரூட்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: எந்தத் தளத்தில் கோடு எழுத வேண்டும், பைத்தானில் எழுதலாமா, மொத்தம் எத்தனை சுற்று, எதில் என்ன கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்வது அவர் வேலை, கேட்கத் தயங்காதீர்கள். பதில் வந்ததும் படிக்க வைத்திருக்கும் பட்டியலை அதற்கேற்ப வெட்டிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.